சிவபாண்டி வீட்டு வான்கோழி

வான்கோழி புது சோபாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

"கெட் டவுன்! ஐ சே, கெட் டவுன்!" என்று சிவபாண்டி அதை அதட்டினார். அமெரிக்கப் பண்டிகைக்காக வாங்கி வந்த பறவையிடம் தமிழில் பேசுவது மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வான்கோழி தாடையை உதறிவிட்டு, சோபாவில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தது.

"அதுக்கு இங்கிலீசெல்லாம் தெரியாது மச்சான். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பறவை" என்றான் சுடலை. சிவபாண்டியின் மச்சினன். காலையில் அதைச் சாக்கில் கட்டி டூவீலரில் கொண்டுவந்து இறக்கியவன் அவன்தான்.

"பேசாம பிடிடா. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க."

சிவபாண்டி கூட்டுறவுத் துறையில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்தக்கடைக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைகளில் வீடு கட்டிக்கொண்டு சாதாரண மனிதராகத்தான் இருந்தார். சித்திரையில் தரகர் மகளுக்கு முதல் ஜாதகம் கொண்டுவந்தார். பையன் அமெரிக்காவில் வேலை. அன்றிலிருந்து மனிதர் உலகத்துப் பண்டிகைகளையெல்லாம் கொண்டாட ஆரம்பித்துவிட்டார். அதே சித்திரையில் பாதி மதுரை அழகரைப் பார்க்க ஆற்றுக்கு ஓடியபோது, "சே, கூட்டம், புழுதி" என்று ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருந்தவர், சீனாக்காரர்களின் நிலாத் திருவிழாவுக்கு வாசலில் சிவப்பு விளக்குத் தொங்கவிட்டார். ஜெர்மன்காரர்களின் பீர்த் திருவிழாவையும் கொண்டாடத் தயாராகத்தான் இருந்தார். மனைவி ரெங்கம்மாள் துடைப்பத்தைக் கையில் எடுத்ததால் ஜெர்மனி தப்பியது. தீபாவளிக்கு மட்டும் "நாய்ஸ் பொல்யூஷன்" என்று சொல்லி ஒரு கம்பி மத்தாப்புக்கூட வாங்கவில்லை.

ஹாலோவீனுக்கு ஒரு பரங்கிக்காயில் கண், மூக்கு, பல்லெல்லாம் வெட்டி கேட்டில் வைத்தார். தெருவில் போன ஒருவர் நின்று, "மாடி எடுக்கப் போறீங்களா சார்? திருஷ்டிக்குப் பூசணிதான் கட்டுவாங்க. பரங்கி கட்ட மாட்டாங்களே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

இப்போது நவம்பர் மாதத்து நான்காம் வியாழன். அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் நாள். பையன் ஊருக்கு வந்திருக்கிறான், இந்த வாரம் பெண் பார்க்க வரலாமா என்று தரகர் கேட்டதுமே சிவபாண்டி, "வியாழக்கிழமை வரச் சொல்லுங்க" என்று முந்திக்கொண்டார். யூடியூபில் பார்த்து எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். வான்கோழியை முழுசாக வாட்ட வேண்டும், சுற்றி உட்கார வேண்டும், ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குள் ஒரு தந்திரமும் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, மிக்சர், காபியோடு எழுந்துவிடுவார்கள். பெண் வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் கை நனைத்தாயிற்று என்று பொருள். அதற்கப்புறம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முன்னால் வந்த இரண்டு அமெரிக்க மாப்பிள்ளைகளும் கேசரியோடு நழுவிப் போனவர்கள். இந்தத் தடவை வான்கோழியை வைத்துக் கை நனைக்க வைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் இருக்கிறவன் அன்றைக்கு அதை எப்படி மறுப்பான்?

"அப்பா, நான் அமெரிக்கா போகணும்னு யாராச்சும் என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் பவதாரிணி, சோபாவைத் துடைத்துக்கொண்டே. பக்கத்துக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் வேலை அவளுக்கு. அந்த வேலையை அவள் விரும்பித்தான் செய்தாள். அதை விட்டுவிட்டு எங்கோ பனியில் போய் உட்காருவதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? சொர்க்கத்துக்குப் போறியான்னு யாரும் கேப்பாங்களா?"

"சொர்க்கத்துக்குச் செத்தாத்தான் போக முடியும்."

"வாயப் பாரு. போய்ச் சேலை கட்டு."

இதற்குள் சுடலை வான்கோழியை அமுக்கிப் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோனான். ரெங்கம்மாள் குண்டான் நிறைய வெந்நீரோடு வந்தாள். பறவையின் காலைப் பிடித்தவள், இறகை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் துணி ஒன்று சுற்றியிருந்தது. துணிக்குள் காசு முடிந்திருந்தது. குண்டானை அங்கேயே வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

"அடேய் சுடலை! இதை எங்கடா வாங்குன?"

"சந்தையில வான்கோழி இல்லக்கா. வர்ற வழியில ஒருத்தன் வச்சிருந்தான். வெலை கேட்டேன். அடிச்சுப் பேசக்கூட இல்ல, கையில திணிச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போயிட்டான்."

"எந்த எடத்துல?"

"கொட்டாம்பட்டி தாண்டி… முனி கோயில் இருக்குல்ல, அந்தப் புளியமரத்துக்கிட்ட."

ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முனிக்கு நேர்ந்துவிட்டதுடா இது! அந்தப் படுபாவி களவாண்டுட்டு ஓம் தலையில கட்டிட்டுப் போயிட்டான்."

சிவபாண்டிக்கும் இது தெரியாததல்ல. சாமிக்கு நேர்ந்துவிட்ட உயிரை அந்தச் சாமி முன்னால்தான் வெட்ட வேண்டும். அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். ஒரு துண்டுகூட வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் இதெல்லாம் பட்டிக்காட்டுப் பேச்சு என்று அவர் ஆறு மாதத்துக்கு முன்னால் முடிவு செய்திருந்தார்.

"கத்திரிக்கோலக் கொண்டா" என்றார். துணியை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். "இப்ப இது வெறும் வான்கோழி. அடுப்பப் பத்த வை."

"எங்கய்யா பேரே முனியாண்டி. என் அடுப்புல இது ஏறாது."

"அப்ப நானே பத்த வைக்கிறேன்."

அடுப்பைத் திருகினார். நீலமாக ஒரு தடவை எரிந்து, பொசுக்கென்று அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று ரெங்கம்மாள் விரலை நீட்டினாள்.

"சிலிண்டர் தீர்றதுக்கும் முனிக்கும் என்னடி சம்பந்தம்? மாத்துச் சிலிண்டர் எங்க?"

"போன மாசம் பரங்கிக்காய்ச் சூப்பு வைக்கிறேன், அமெரிக்கப் பேய்க்குப் பிடிக்கும்னு ராவும் பகலும் கொதிக்க விட்டீங்களே, அதுல தீந்துபோச்சு."

அவள் குப்பைக்கூடையிலிருந்து துணியை எடுத்துக் கழுவி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வான்கோழியின் காலில் மறுபடி கட்டினாள். அதோடு அடுப்படி வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். இனி அந்தப் பக்கம் யாரும் போக முடியாது.

சிவபாண்டி யோசித்தார். அடுத்த வீட்டில் தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அவர் மருமகள் ஜெனிஷா கேக் செய்து விற்கிறாள். ஓவன் இருக்கிறது. அதைவிட முக்கியம், அது வேதக்கார வீடு. முனி அங்கே போய் என்ன செய்துவிடுவார்?

வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

"ஜெனிஷா, ஒரு சின்ன உதவி. இதை உன் ஓவன்ல வாட்டிக் குடும்மா."

ஜெனிஷா ஓவனைத் திறந்து காட்டினாள். "அங்கிள், இதுல ஒரு கிலோ கேக்குதான் வேகும். இது தலைய நுழைச்சா வாலு ஹால்ல நிக்கும்."

"ரெண்டா வெட்டிக்கலாம்."

தனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பறவையின் காலைப் பார்த்தார். "என்ன சிவபாண்டி சார், இது நேர்ந்துவிட்டதுல்ல?"

"உங்களுக்குத்தான் அதெல்லாம் கிடையாதே சார்."

"யார் சொன்னா? எங்க அந்தோணியாருக்கு வருசா வருசம் நாங்க ஆடு நேர்ந்து விடுறோம். அதுல நீங்க கை வச்சா நாங்க சும்மா விடுவமா? சாமி சொத்து யாரோடதா இருந்தாலும் சாமி சொத்துதான். மொதல்ல வெளிய கொண்டுபோங்க. மருமக மாசமா இருக்கா."

கதவு சாத்தப்பட்டது. அமெரிக்கப் பண்டிகைக்கு ஒத்தக்கடையில் இந்துவும் உதவவில்லை, கிறிஸ்தவரும் உதவவில்லை. 'இந்த ஊர் உருப்படாது' என்று நினைத்துக்கொண்டே அவர் திரும்பி வந்தபோது, வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை விருமாண்டியும் அவன் அம்மா ராமக்காளும் மட்டும்தான் வந்திருந்தார்கள். அப்பா இல்லாத பையன். சிவபாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். கோட்டு இல்லை, டை இல்லை. கதர்ச் சட்டையும் வேட்டியும்தான். காலில் செம்மண். 'அங்கே உள்ள பெரிய பெரிய ஆட்களெல்லாம் இப்படித்தான் எளிமையாக இருப்பார்களாம்' என்று பூரித்துப்போனார்.

"வெல்கம், வெல்கம்! ஹேப்பி தேங்க்ஸ்கிவிங் மாப்பிள்ளை!"

விருமாண்டி திகைத்தான். "ஓ… இன்னிக்கா? மறந்தே போச்சுங்க மாமா."

"அங்க உள்ளவங்களுக்கு அது பழகிப்போயிருக்கும். நமக்குத்தான் புதுசு." சொல்லிக்கொண்டே கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினார். கக்கத்தில் இருந்த வான்கோழி கீழே குதித்து, நேரே ஹாலுக்குள் நடந்து போய், ராமக்காளின் எதிரில் நின்றது.

ராமக்காள் அதைப் பார்த்தாள். காலில் இருந்த துணியைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள். "இது எப்படி இங்க…"

வான்கோழிக்கே கும்பிடு போடுகிறாளே, என்ன நாகரிகமான குடும்பம் என்று சிவபாண்டி உருகினார். "டர்க்கிங்கம்மா! டர்க்கி! உங்க பையன் ஊர்ல இன்னிக்கு எல்லார் வீட்லயும் இதான்."

"அதில்லங்க, இது நம்ம முனிக்கு…"

"ஆமாங்க, முனிக்கு நேர்ந்ததுதான்!" என்று அடுப்படி வாசலிலிருந்து ரெங்கம்மாள் குரல் கொடுத்தாள். "நானும் காலையில இருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன். அங்க கொண்டுபோய்த்தான் வெட்டணும்னு சொன்னா, இந்த மனுசன் கேக்கல."

சுடலை மெல்லக் கொல்லைப்பக்கம் நகர்ந்தான். திருட்டுக் கோழி, வெட்கக்கேடு, இந்த மாப்பிள்ளையும் போனான் என்று சிவபாண்டி கணக்குப் போட்டார். முப்பது வருடம் ஃபைலில் எழுதிச் சமாளித்த மூளை, கடைசி நேரத்தில் கை கொடுத்தது.

"அவ பாதி சொல்றா. நான் முழுசாச் சொல்றேன்" என்று சிரித்தார். "அமெரிக்காவுல மனுசனுக்கு மனுசன் நன்றி சொல்றான். நான் ஒரு படி மேல போய், நம்ம சாமிக்கே நன்றி சொல்லலாம்னு ஏற்பாடு பண்ணிருக்கேன். விருந்து இங்க இல்ல. முனி கோயில்ல!"

"முனி கோயில்லயா? இன்னிக்கேவா?" ராமக்காளின் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கேதான். நீங்க கை நனைக்க யோசிப்பீங்கன்னா…"

"யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு? இதுவே உங்க வீடு தேடி வந்து நிக்குது. இதுக்கு மேல எனக்கு என்ன சகுனம் வேணும்? வாரோம். ஒண்ணாச் சாப்பிடுவோம். ஆனா அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க, எம்மகன் வேலை விசயமா…"

"வேலையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்! தரகர் எல்லாம் சொல்லிட்டார். ஏறுங்க, கார்ல ஏறுங்க!" என்று சிவபாண்டி அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போனார்.

பெண் பார்க்கும் சடங்கு காருக்குள்ளேயே நடந்து முடிந்தது. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் விருமாண்டி, பின்சீட்டில் அம்மாக்களுக்கு நடுவில் பவதாரிணி. சிவபாண்டி சுடலையின் டூவீலரில் வான்கோழிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அமெரிக்க மாப்பிள்ளைக்கு மாமனாராகப் போகிறவர் திருச்சி ரோட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனதை மேலூரில் அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் இருவர் பார்த்துக் கையும் ஆட்டினார்கள். அவர் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயிலில் பூசாரி வான்கோழியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வந்துருச்சா! வந்துருச்சா!" என்று கூவினார். அவர் கிட்டே வர வர, 'எங்கே பிடித்தாய்' என்று கேட்பார் என்று பயந்து சிவபாண்டி இல்லாத போன் அழைப்புக்கு "ஹலோ, ஹலோ" என்று பேசிக்கொண்டே புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். வான்கோழியை வெட்டி, மூன்று கல் கூட்டி, சுடலை குழம்பு வைத்து இறக்கும்வரை அவர் அந்தப் பக்கம் வரவில்லை. ஓவனில் முழுசாக வாட்ட வேண்டிய அமெரிக்க வான்கோழி, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றிய குழம்பில் கொதித்தது. வாசனை வந்ததும் அவருக்கே அமெரிக்கா கொஞ்சம் மறந்துபோனது. அது வேறு விஷயம்.

இலை போட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"யாரும் கை வைக்கப்பிடாது!" என்று சிவபாண்டி தடுத்தார். "முறைப்படி ஆளுக்கொரு நன்றி சொல்லணும். அதான் பண்டிகை. சுடலை, நீ ஆரம்பி."

"பசிக்கு மொதல்ல சோறு போடுற அக்காவுக்கு நன்றி" என்றான் சுடலை, இலையைப் பார்த்தபடி.

"எந்தக் கொறையும் வைக்காத முனிக்கு நன்றி" என்றாள் ரெங்கம்மாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எம்மகன் வந்து சேந்துட்டான். அது போதும்" என்றாள் ராமக்காள்.

"லீவுக்கு வந்ததுக்கே இம்புட்டுச் சந்தோசம் பாருங்க! தாய்மனசு!" என்று சிவபாண்டி விளக்கம் கொடுத்தார். விருமாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு நாங்கதான் நன்றி சொல்லணும்" என்று அவன் இலையில் தொடைக்கறியை வைத்து வாயை அடைத்தார். பவதாரிணி எந்த நன்றியும் சொல்லவில்லை. ஆனால் காரில் வரும்போது விருமாண்டி அவளிடம் திரும்பி என்னவோ சொல்லியிருந்தான். அதிலிருந்து அவள் தலையைக் குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் மகிமை அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

ராமக்காள் இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். விருமாண்டி மூன்றாவது தடவை வாங்கினான். ஒவ்வொரு கவளமும் உள்ளே போகப் போக சிவபாண்டியின் நெஞ்சு விரிந்துகொண்டே போனது. கேசரியோடு நழுவிய இரண்டு பேரின் முகத்தில் இந்த இலைகளை விசிறி எறிய வேண்டும் போலிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவரே சொம்பைத் தூக்கிச் சம்பந்தியின் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"கை நனைச்சாச்சு! இனிமே பேச்சு மாறப்பிடாது!" என்று சத்தமாகச் சொன்னார். அதுவும் போதவில்லை அவருக்கு. முனிக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, மனைவியைக் கூப்பிட்டு, மச்சினனைக் கூப்பிட்டு, சூடத்தின் மேல் கையை வைத்தார். "முனி சாட்சியாச் சொல்றேன். என்ன ஆனாலும் சரி, இந்தச் சம்பந்தத்துல இருந்து பின்வாங்க மாட்டேன். பின்வாங்குறவனை முனி பாத்துக்கட்டும்!"

ராமக்காளும் அழுதுகொண்டே சூடத்தைத் தொட்டு அணைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிவபாண்டி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார். ஒத்தக்கடையில் இனி யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. மற்றவர்கள்தான் அவரை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

"அப்புறம் மாப்பிள்ளை, பாப்பாவுக்கு விசா எப்ப எடுக்குறது? ரெண்டு பேரும் எப்ப ப்ளைட்டு ஏறுறீங்க?"

விருமாண்டி அம்மாவைப் பார்த்தான். அம்மா பூசாரியைப் பார்த்தாள். பூசாரி ஒரு கை விபூதியை அள்ளிச் சிவபாண்டியின் நெற்றி நிறையப் பூசினார்.

"ராமக்கா, ஓன் நேத்திக்கடன் முடிஞ்சுருச்சு தாயி! எம்மவன் அந்த அமெரிக்காவ அடியோட தலைமுழுகிட்டு வந்து நம்ம காட்டுல ஏர் பிடிச்சா வான்கோழி வெட்டுறேன்னு வேண்டிக்கிட்ட. மகன் போன மாசமே வந்து ஏர் பிடிச்சுட்டான், களவு போன கோழியையும் முனி சம்பந்தி கக்கத்துலயே குடுத்து அனுப்பிட்டாரு!"